கப்பலேறும் முன் புடாபெஸ்ட்: எதைப் பார்ப்பது, எதைக் கப்பலுக்கு விட்டுவைப்பது

அம்மாவை அழைத்துக்கொண்டு முதல்முறை டான்யூப் ஆற்றுக் கப்பலில் போனபோது, கப்பலேறும் நாளுக்கு முந்தைய இரவுதான் புடாபெஸ்ட்டில் போய் இறங்கினோம். நாங்கள் வந்துவிட்டோம், அம்மாவின் சூட்கேஸ் வரவில்லை. அது வியன்னாவில்தான் எங்களைப் பிடித்தது. அதுவரை கைப்பையில் இருந்த ஒரே மாற்றுப் புடவையை வைத்து அம்மா சமாளித்தார். ஊரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த அரை நாள் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டே தீர்ந்தது. இரண்டாம் முறை சித்தப்பா குடும்பத்தோடு போனபோது இரண்டு இரவு முன்னதாகவே போய்விட்டேன். ஊர் அப்போதுதான் கண்ணில் பட்டது.

டான்யூப் ரிவர் குரூஸ்களில் பல புடாபெஸ்ட்டில் தொடங்கும், அல்லது அங்கே முடியும். ஆற்றோட்டத்தை எதிர்த்து பிராட்டிஸ்லாவா, வியன்னா வழியாக ஜெர்மனியின் பாஸாவ் வரை போகும் கப்பல்கள் ஒரு வகை. கீழ்நோக்கி பெல்கிரேடு, இரும்புக் கதவு மலையிடுக்கு வழியாக ருமேனியா பக்கம் போகும் கப்பல்கள் இன்னொரு வகை. இரண்டில் எது என்பது விசாவுக்கு முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கப்பல் கம்பெனி தந்த பயணத்திட்டத்தை எடுத்து, புடாபெஸ்ட் பக்கத்தைப் படியுங்கள். பல கப்பல்கள் பயணிகளை ஏற்றிய பிறகும் ஓர் இரவு அங்கேயே நிற்கும். மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற்றி வீரர் சதுக்கத்தையும் கோட்டைக் குன்றையும் சுற்றிக் காட்டுவார்கள், அது டிக்கெட்டிலேயே சேர்த்தி. ராத்திரி விளக்கொளியில் ஆற்றங்கரையைப் பார்ப்பதும் கப்பல் மேல்தளத்திலிருந்தே நடக்கும். அதனால் காசு கொடுத்து அதற்கென்று தனிப் படகு ஏற வேண்டாம். கோட்டைக் குன்றுக்கு முதல் நாளே மூச்சிரைக்க ஏறவும் வேண்டாம். கப்பல் காட்டாத புடாபெஸ்ட் ஒன்று இருக்கிறது: நாடாளுமன்றத்தின் உட்புறம், வெந்நீர்க் குளங்கள், சந்தை, பழைய மெட்ரோ, யூத ஆலயம். உங்கள் இரண்டு நாளை அவற்றுக்குக் கொடுங்கள்.

நாள் கணக்கு

சென்னையிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, இஸ்தான்புல், பிராங்பர்ட் என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். மாறும் இடத்தில் ஒரு விமானம் தவறினால் ஒரு நாள் போச்சு. கப்பல் காத்திருக்காது. தவறவிட்டால் உங்கள் செலவில் ரயில் பிடித்து அடுத்த துறையில் ஏற வேண்டியதுதான். வியன்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம், அதனால் உலகம் முடிந்துவிடாது. ஆனாலும் பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் வேண்டாம். இரண்டு இரவு முன்னதாகப் போங்கள். ஓர் இரவு என்பது எங்கள் முதல் பயணம் மாதிரி ஆகிவிடும்.

தேதியில் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 15, ஆகஸ்ட் 20, அக்டோபர் 23 ஆகியவை ஹங்கேரியின் தேசிய நாட்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், நாடாளுமன்றச் சதுக்கத்தில் விழா நடக்கும். ஆகஸ்ட் 20 இரவு ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. அதைப் பார்க்க ஊரே கூடும், ஓட்டல் வாடகையும் கூடும். கூட்டம் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம்.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) வேண்டும். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் கட்டணம் அதற்கு மேல். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைப் பயணம் என்றால் நேரம் கிடைப்பதே கஷ்டம், அதனால் சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதில்தான் கப்பல் பயணிகள் குழம்புவார்கள். புடாபெஸ்ட்டில் தொடங்குகிறோம், அதனால் ஹங்கேரி என்று நினைத்துவிடுவோம். விதி அப்படியில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. கப்பலில் கழிக்கும் நாட்களையும் நாடுவாரியாக எண்ணுங்கள். ஆஸ்திரியாவில் நான்கு, ஹங்கேரியில் மூன்று என்று வந்தால் ஆஸ்திரியா. சமமாக வந்தால், ஷெங்கன் எல்லைக்குள் முதலில் எங்கே நுழைகிறீர்களோ அந்த நாடு. பிராங்பர்ட்டில் விமானம் மாறினால் முதல் நுழைவு ஜெர்மனிதான். குடிவரவு வரிசையும் அங்கேயே முடிந்துவிடும், புடாபெஸ்ட் விமானம் உள்ளூர் விமானம் மாதிரி.

கீழ்நோக்கிப் போகும் கப்பல் என்றால் கவனம். செர்பியா ஷெங்கனில் இல்லை. ஹங்கேரி, குரோவேஷியா தாண்டி செர்பியாவுக்குள் போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால், அங்கே போகும்போது மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். ஒரே நுழைவு விசா வைத்திருந்தால் பெல்கிரேடு தாண்டி சிக்கல்தான். பலமுறை நுழைவு விசா வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். செர்பியாவுக்குத் தனி விசா வேண்டுமா என்பதைக் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்குமிடம், துறை

டான்யூப் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே குன்றும் கோட்டையுமாக புடா, கிழக்கே சமதரையில் பெஸ்ட். இவையும் பழைய ஓபுடாவும் 1873-இல்தான் ஒரே ஊராகின. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், பெஸ்ட் பக்கம் தங்குங்கள். புடாவில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் ஒரு காபிக்குக்கூட ஏறி இறங்க வேண்டும்.

கப்பல்கள் பெரும்பாலும் பெஸ்ட் கரையில், சங்கிலிப் பாலத்துக்கும் பச்சை நிற விடுதலைப் பாலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நிற்கும். அந்த நீளத்துக்குள் ஓர் ஓட்டல் பார்த்தால் கப்பலுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். ஆனால் துறை எண் கடைசி நேரத்தில் மாறும். ஆறு அப்படி. புடாபெஸ்ட் நீர்மட்ட அளவுகோலில் 2013 ஜூனில் 891 செ.மீ. பதிவானது, 2018 அக்டோபரில் 33 செ.மீ. தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது, இறங்கினால் தரை தட்டும். சில சமயம் பஸ்ஸில் கூட்டிப்போய் வேறு ஊரில் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். அதனால் முந்தைய நாள் மாலை கம்பெனியின் செய்தியைப் பாருங்கள். ஓட்டல் வரவேற்பு மேசையில் கேட்டு ஓடாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இறங்கியதும்

விமான நிலையத்திலிருந்து 100E என்ற நேர் பேருந்து ஊர் நடுவிலுள்ள தெயாக் ஃபெரென்ஸ் தேருக்குப் போகும். இதற்குத் தனி டிக்கெட் உண்டு. சாதாரண டிக்கெட்டோ 24 மணி நேரப் பாஸோ இதில் செல்லாது. பரிசோதகரிடம் மாட்டி விழிக்காதீர்கள். மூன்று பேருக்கு மேல், நான்கு பெட்டி என்றால் டாக்சியே மேல். இங்கே டாக்சி எல்லாமே மஞ்சள், கட்டணத்தை நகராட்சி நிர்ணயிக்கிறது. வெளியே உள்ள அதிகாரபூர்வ டாக்சி மேசையில் சொல்லி ஏறுங்கள். வருகைக் கூடத்திலேயே கையைப் பிடித்து இழுப்பவரோடு போக வேண்டாம்.

'தேர்' என்று சொன்னேன் அல்லவா, அது ஹங்கேரிய மொழியில் சதுக்கம். வடம் பிடிக்க வேண்டியதில்லை. 2-ஆம் எண் டிராம் கிளம்பும் இடத்தின் பெயர் யாசாய் மாரி தேர். ஒரு நடிகையின் பெயர்தான், இருந்தாலும் நம் காதுக்கு அம்மன் கோவில் திருவிழா மாதிரி கேட்கும். 'உத்ஸா' என்றால் தெரு, 'ஹீத்' பாலம், 'ஃபுர்தோ' குளியலிடம். இந்த நான்கு சொல் தெரிந்தால் வரைபடத்தில் பாதி புரிந்துவிடும். இன்னொன்று, ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள். நமக்கு இனிஷியல் முன்னால் வருகிற மாதிரி. உலகம் பிரான்ஸ் லிஸ்ட் என்று சொல்லும் இசைமேதை இங்கே லிஸ்ட் ஃபெரென்ஸ்.

பணம் யூரோ இல்லை, ஃபோரிண்ட். மனக்கணக்குக்கு ஒரு யூரோவுக்கு 400 என்று வைத்துக்கொள்ளலாம். யூரோ வாங்கும் கடைகள் உண்டு, மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள். கார்டு ஏறத்தாழ எங்கும் செல்லும். கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா' என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம், ஃபோரிண்ட் என்று அழுத்துங்கள். சுற்றுலாத் தெருக்களில் பளபளவென்று நிற்கும் தனியார் ஏடிஎம்களில் நான் ஒருமுறை எடுத்தேன். மோசமான விகிதம். வங்கிக் கட்டடத்துச் சுவரில் பதித்த ஏடிஎம்மைத் தேடுங்கள்.

பயணச்சீட்டுக்கு 24 அல்லது 72 மணி நேரப் பாஸ் வாங்கிவிடுங்கள். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஒற்றை டிக்கெட் வாங்கினால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, அபராதம் உண்டு. 65 வயதுக்கு மேல் இலவசம் என்று எங்கோ படித்துவிட்டு அப்பா அம்மாவைச் சும்மா ஏற்றாதீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கான சலுகை.

முதல் மாலை: 2-ஆம் எண் டிராம்

விமானத் தூக்கத்தோடு வந்தவர்களை அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போவது கொடுமை. அறைக்குப் போய்க் குளித்துவிட்டு, மாலையில் 2-ஆம் எண் டிராமில் ஏறுங்கள். பெஸ்ட் கரையை ஒட்டியே போகும். விடுதலைப் பாலத்தருகே உள்ள ஃபோவாம் தேரில் ஏறி, வடக்கே போகும் வண்டியில் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஆறும், அக்கரையில் கெல்லெர்ட் குன்றும், எலிசபெத் பாலமும், கோட்டையும், சங்கிலிப் பாலமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாஸில் அடங்கும் பயணம் இது. இதே காட்சிக்கு மாடி பஸ்காரர்கள் கேட்கும் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

சங்கிலிப் பாலம் 1849-இல் திறக்கப்பட்டது. புடாவையும் பெஸ்ட்டையும் இணைத்த முதல் நிலையான பாலம் அதுதான். அதற்கு முன் கோடையில் மிதவைப் பாலம், குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் பனிமேல் நடை. ஆங்கிலேயர் வில்லியம் டியர்னி கிளார்க் வரைந்தார், ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் கிளார்க் கட்டினார். பெயர் ஒன்றுதான், உறவில்லை. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை இங்கிருந்த பாலங்கள் அனைத்தையும் வெடிவைத்துத் தகர்த்தது. இப்போது நீங்கள் பார்ப்பது 1949-இல் மறுபடி எழுப்பியது.

சங்கிலிப் பாலத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே கரையோரம் இறங்கி நடந்தால், நீர் விளிம்பில் இரும்புச் செருப்புகளும் ஷூக்களும் வரிசையாகக் கிடக்கும். 60 ஜோடி. பெண்களுடையது, குழந்தைகளுடையது, குதி தேய்ந்தது. 1944–45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, காலணியைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். காலணிக்கு விலை உண்டு, அதனால். 2005-இல் வைத்த நினைவுச் சின்னம் இது. இதன்மேல் காலை வைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம். இந்த இடத்தையும் நாடாளுமன்றத்தையும் சாலையும் டிராம் பாதையும் பிரிக்கின்றன. கடக்கும் இடம் பார்த்துக் கடங்கள்.

இரண்டாம் நாள்: நாடாளுமன்றமும் வெந்நீரும்

இந்த நாளுக்கு இரண்டே வேலை. நிறைய எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் நாடாளுமன்றம். கண்டிப்பாக உள்ளே போக வேண்டிய கட்டடம். பல வாரம் முன்பே இணையத்தில் டிக்கெட் எடுங்கள். கோடையில் அன்றன்று போய் வாங்கலாம் என்று நினைத்தால் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் அதிகம். சுற்று முக்கால் மணி நேரம். விமான நிலையம் போலச் சோதனை உண்டு, அதனால் சின்னப் பையோடு போங்கள்.

1885-இல் தொடங்கி 1904-இல் முடித்தார்கள். நீளம் 268 மீட்டர், குவிமாட உயரம் 96 மீட்டர். அந்த 96 தற்செயல் இல்லை. மஜார்கள், அதாவது ஹங்கேரியர்கள், இந்தச் சமவெளிக்கு வந்ததாகக் கொள்ளும் ஆண்டு 896, ஆயிரமாண்டு விழா 1896. ஊரின் பெரிய தேவாலயமான புனித ஸ்டீபன் பசிலிக்காவும் அதே 96 மீட்டர். அரசும் சமயமும் சம உயரம் என்று கணக்கு. கட்டடத்தை வடிவமைத்த இம்ரே ஸ்டெய்ண்டல் முடிவதற்குள் பார்வையை இழந்தார், 1902-இல் இறந்தும் போனார். தான் வரைந்ததை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

உள்ளே குவிமாடத்தின் கீழ் ஹங்கேரியின் புனித மகுடம் இருக்கிறது. உச்சியிலுள்ள சிலுவை சாய்ந்திருக்கும், யாரும் நிமிர்த்தவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிவில் அமெரிக்கர் கைக்குப் போய், ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்தில் பல ஆண்டு இருந்து, 1978-இல் திரும்பி வந்தது. அந்த மண்டபத்தில் மட்டும் படம் எடுக்கக்கூடாது, காவலர் வாளோடு நிற்பார். எனக்கு மகுடத்தைவிடப் பிடித்தது தாழ்வாரத்து ஜன்னலோரம் உள்ள பித்தளைச் சுருட்டுத் தாங்கிகள்தான். ஒவ்வொரு குழிக்கும் எண் உண்டு. உறுப்பினர்கள் சுருட்டை அங்கே வைத்துவிட்டு உள்ளே போவார்கள். பேச்சு சுவாரசியமாக இருந்தால் சுருட்டு கருகிப் போகும். பேச்சுக்கு அதுதான் மதிப்பெண்.

வெளியே வந்து பசிலிக்கா வரை நடக்கலாம், கால் மணி நேரம். புனித ஸ்டீபன் மன்னரின் வலக்கை பதனமாக ஒரு கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. பார்க்க விருப்பம் இருந்தால் உள்ளே போங்கள். இல்லாவிட்டால் வாசலில் உட்கார்ந்து காலாறலாம்.

மதியத்துக்கு மேல் எம்1 மெட்ரோ. 1896-இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பியக் கண்டத்து நிலப்பரப்பில் முதல் சுரங்க ரயில். ஆந்த்ராஷி சாலையின் அழகு டிராமால் கெட்டுவிடக்கூடாது என்று, ரயிலைத் தரைக்கடியில் தள்ளினார்கள். இரண்டு ஆண்டுக்குள் கட்டி முடித்தார்கள். நம் மெட்ரோ மாதிரி ஆழமில்லை. சில படி இறங்கினால் நடைமேடை, வெள்ளை ஓடு பதித்த சுவர், மஞ்சள் பெட்டி. இங்கே புதியவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பல நிலையங்களில் இரண்டு திசைக்கும் வாசல் வேறு, சாலையின் இரண்டு பக்கம். தப்பான பக்கம் இறங்கினால் மறுபடி மேலே ஏறி, சாலையைக் கடந்து, இறங்க வேண்டும். சித்தியும் நானும் அப்படி ஒருமுறை ஏறி இறங்கினோம். இரண்டாவது, வோரோஷ்மார்த்தி தேர் என்று ஒரு நிலையம், வோரோஷ்மார்த்தி உத்ஸா என்று இன்னொன்று. முதலாவது ஆற்றோரம், இரண்டாவது நடுவழி. சந்திக்க இடம் குறிக்கும்போது வால்பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேச்சேனி ஃபுர்தோ என்ற நிலையத்தில் இறங்கினால் எதிரே மஞ்சள் அரண்மனை. அதுதான் 1913-இல் திறந்த வெந்நீர்க் குளியலிடம். பூமிக்கடியிலிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீரைத் தணித்துக் குளங்களில் விடுகிறார்கள். வெளியே உள்ள பெரிய குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவார்கள். குளிர்காலத்தில் போனால் ஆவிக்கு நடுவே தலைகள் மட்டும் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: நீச்சல் உடை, ரப்பர் செருப்பு, துண்டு. சுடிதாரோடோ வேட்டியோடோ இறங்க முடியாது. நீந்தும் குளத்துக்குத் தலையுறை கட்டாயம், வெந்நீர்க் குளங்களுக்கு வேண்டியதில்லை. டிக்கெட்டில் பெட்டக வசதி, தனி அறை வசதி என்று இரண்டு உண்டு. பெண்கள் தனி அறை எடுத்தால் நிம்மதியாக உடை மாற்றலாம். கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், அதுவே சாவி. வெந்நீரில் இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டாம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் வயது வரம்பு விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கெல்லெர்ட் குளியலிடத்தைப் பழைய வழிகாட்டிகள் எல்லாம் புகழும், அது புதுப்பிப்புப் பணிக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. துருக்கியர் காலத்து, 16-ஆம் நூற்றாண்டுக் குவிமாடத்தின் கீழ் குளிக்க ஆசையென்றால் புடா பக்கம் ருடாஷ்.

பக்கத்து நிலையம்தான் வீரர் சதுக்கம். கப்பல் பஸ் அங்கே நிறுத்தும் என்றால் விட்டுவிடுங்கள்.

குன்று மட்டும் பாக்கி என்றால்

உங்கள் கப்பல் சுற்றில் கோட்டைக் குன்று இல்லையென்றால் இரண்டாம் நாள் விடிகாலையிலேயே போய் வந்துவிடுங்கள். 1870-இல் தொடங்கிய இழுவை ரயில் பார்க்க அழகு, அதன் வரிசை நீளம். தெயாக் தேரிலிருந்து 16-ஆம் எண் பஸ் நேரே மேலே கொண்டுபோய் விடும், பாஸ் போதும். மீனவர் கொத்தளம் என்ற பெயரைப் பார்த்துப் பழைய கோட்டை என்று நினைக்காதீர்கள். 1895-க்கும் 1902-க்கும் இடையில் அழகுக்காகக் கட்டியது. ஏழு கோபுரமும் ஏழு மஜார் குடிகளுக்கு. மேல்தளத்துக்குத்தான் கட்டணம். கீழ் வளைவுகளிலிருந்தே நாடாளுமன்றம் முழுதாகத் தெரியும். ஏழு மணிக்குப் போனால் நீங்களும் புறாவும்தான். பத்து மணிக்கு மேல் கல்யாணப் படப்பிடிப்புக்காரர்கள் இடம் பிடித்துவிடுவார்கள்.

சாப்பாடு

குலாஷ் என்பது இங்கே குழம்பு இல்லை, சூப். பொதுவாக மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். மிளகாய்த்தூள் நிறத்தில் பாப்ரிகா எல்லாவற்றிலும் இருக்கும், ஆனால் காரம் இருக்காது. நிறத்தை நம்பி ஏமாந்த சித்தப்பா கைப்பையிலிருந்து ஊறுகாயை எடுத்தார்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பொரித்த பாலாடைக்கட்டி, காளான் பாப்ரிகாஷ், காய்கறியைக் குழைய வேகவைத்துக் கெட்டியாக்கிய ஃபோசெலேக், கோடையில் குளிர்ந்த புளிச்செர்ரி சூப். ஆனால் 'காய்கறிப் பதார்த்தம்' என்று சொல்லிவிட்டுப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும், மேலே பன்றி இறைச்சித் துண்டைத் தூவுவதும் இங்கே சகஜம். 'ஹூஷ் நேல்குல்' என்றால் இறைச்சி இல்லாமல். அதையும் சொல்லி, கொழுப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். லாங்கோஷ் என்று பெரிய பூரி மாதிரி ஒன்று, மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த கிரீம், துருவிய பாலாடைக்கட்டி. இரண்டு பேருக்கு ஒன்று போதும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள், சேர்த்திருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம்.

வாத்ஸி உத்ஸாவில் தனியாக நடக்கும் ஆண்களிடம் இளம்பெண்கள் வந்து வழி கேட்டு, அப்படியே ஒரு மதுக்கடைக்குக் கூப்பிடுவது பழைய தந்திரம். விலைப்பட்டியல் இல்லாத கடையில் உட்காராதீர்கள்.

கப்பலேறும் நாள்

காலையில் அறையைக் காலி செய்து பெட்டிகளை ஓட்டலிலேயே விட்டுவையுங்கள். பல கப்பல்கள் அறை தயாராகும் முன்பே பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும், ஏறுவது மதியத்துக்கு மேல்தான்.

அந்தக் காலைப்பொழுது ஃபோவாம் தேரில் உள்ள பெரிய சந்தைக்கு. 1897-இல் திறந்த இரும்புக் கூடம், வண்ண ஓட்டுக் கூரை. தரைத்தளத்தில் உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்குவார்கள், மாடியில் நம் போன்றவர்கள் மேசைவிரிப்பு வாங்குவோம். பாப்ரிகா தூளை மாடியில் அழகுப் பையில் வாங்காமல் கீழே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நேரம் மிஞ்சினால் டோஹானி தெரு யூத ஆலயம். 1859-இல் முடிந்தது, ஐரோப்பாவிலேயே பெரியது, ஏறத்தாழ 3,000 பேர் உட்காரலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், சனிக்கிழமை மூடியிருக்கும். பின்புறம் உலோகத்தில் வார்த்த அழுகை வில்லோ மரம், இலைகளில் இறந்தவர்களின் பெயர்கள். முற்றத்திலேயே 2,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். போர்க்கால யூதர் அடைப்புக்குள் பசியிலும் குளிரிலும் மாண்டவர்கள். முதல் நாள் பார்த்த இரும்புக் காலணிகளின் மீதிக் கதை இங்கே இருக்கிறது. அதனால்தான் கடைக்குப் போகும் நேரத்தைக் குறைத்தாவது இங்கே போகச் சொல்வேன்.

இதே ஊரில்தான் 1913-இல் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் பிறந்தார். ஹங்கேரியத் தாய், பஞ்சாபித் தந்தை. கன்னியாகுமரி வரை வந்து தென்னாட்டு மக்களை வரைந்தவர். ஊரில் யாராவது 'இந்தியாவா?' என்று கேட்டால் பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

துறைக்குப் போனதும் ஒரு விஷயத்துக்குத் திகைக்காதீர்கள். உங்கள் கப்பல் கரையில் இல்லாமல் இன்னொரு கப்பலுக்கு வெளிப்பக்கம் ஒட்டி நிற்கலாம். முதல் கப்பலின் வரவேற்புக் கூடம் வழியாக நடந்துதான் உங்கள் கப்பலுக்குப் போக வேண்டும். ஆற்றுக் கப்பல்கள் பெரும்பாலும் 110 முதல் 135 மீட்டர் நீளம், அகலம் மட்டும் 11.4 மீட்டர். ஜெர்மனியின் மெயின்–டான்யூப் கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் மடைக்கதவுகளின் அகலம் 12 மீட்டர்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் ஜன்னலும் அதற்குள் இருப்பவரும் தெரிந்தால் திரையை இழுத்துவிடுங்கள். கடவுச்சீட்டை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வது சில கப்பல்களில் வழக்கம். நகலும் விசாப் பக்கத்தின் படமும் போனில் இருக்கட்டும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மாற்றுப் பிளக் கொண்டுபோங்கள்.

கப்பல் கிளம்பும் இரவு எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் சூரியன் மறையவே ஏறத்தாழ எட்டே முக்கால் ஆகிவிடும், விளக்குகள் அதற்குப் பிறகுதான். அது சாப்பாட்டு நேரத்தோடு மோதினால் சாப்பாட்டை விட்டு எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். ஸ்வெட்டர் வேண்டும், ஆற்றுக்காற்று கோடையிலும் சில்லென்று இருக்கும். மேல்நோக்கிப் போகும் கப்பல் என்றால் நாடாளுமன்றம் வலதுபக்கம், கோட்டை இடதுபக்கம். வலதுபக்கக் கம்பியோரம் பத்து நிமிடம் முன்னதாகவே இடம் பிடியுங்கள். மார்கிட் பாலம் தாண்டியதும் விளக்குகள் குறைந்துவிடும். அப்போது கீழே போனால் போதும். சூப் ஆறியிருக்கும், சொன்னால் சூடாக்கித் தருவார்கள்.